ஓட்டை இல்லாத கையுறை

காலை பத்தரை மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. பூட்டாத கதவுதான். விரலால் தள்ளினாலே திறந்திருக்கும். வந்தவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. கையில் இருந்த இரும்புக் குழாயின் முதல் அடி கதவில் விழுந்தது, அடுத்தது எடைத் தராசில், மூன்றாவது மேலாளரின் தோளில். மேலாளர் ஒரு சத்தமும் போடாமல் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"இங்க யாரு பரிசோதனை பண்றது?" என்று வந்தவன் கேட்டான்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே நீண்டு, மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டியது.

அந்தக் கையுறை ஆலையில் அவளை எல்லோரும் லேசர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலையில் இருந்தது ஒரே ஒரு லேசர் கருவி, அதை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. முப்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டாள். வந்தவன் அவள் பிடரியைப் பற்றி முகத்தை மேஜையில் அழுத்தினான். கன்னத்தில் கண்ணாடித் துணுக்கு குத்தியது. கண்ணுக்கு நேராக ஒரு ஆரஞ்சு நிறக் கையுறையை எறிந்தான். ஆலையின் முத்திரை போட்டது. அமில வேலைக்கென்றே செய்யும் கெட்டியான கையுறை.

"இதுல ஓட்டை எங்கன்னு காட்டு."

அவள் பார்த்தாள். "இல்ல."

"இல்லல்ல? எனக்கும் தெரியல. ஊதிப் பார்த்தேன், தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு விழல. ஆனா இதப் போட்டு வேலை செஞ்ச என் தம்பிக்கு நேத்து மூணு விரல வெட்டி எடுத்துட்டாங்க."

அதற்குள் காவலாளிகள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். வந்தவன் கற்பலகைகளை லாரியில் ஏற்றி இறக்கும் சுமைக்காரன். மூன்று பேரின் அடியைத் தாங்கி நின்றான். நான்காவது ஆள் முழங்காலுக்குப் பின்னால் அடித்ததும் சரிந்தான். விழுந்த பிறகும் அடித்தார்கள். ஒருவன் பூட்ஸ் காலால் அவன் காதை மிதித்துக்கொண்டே நின்றான். "போதும், அவரு விழுந்துட்டாரு," என்று லேசர் இரண்டு முறை சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. இழுத்துக்கொண்டு போன வழியில் விழுந்த ரத்தக் கோட்டைத் துப்புரவுக்காரம்மா இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

மேலாளர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். "கையுறையக் கழட்டி வெச்சிட்டு ஆசிட்ல கைய விட்டிருப்பான். நம்ம தலையில கட்டப் பார்க்கிறாங்க. அதக் குப்பையில போடும்மா."

அவள் அதை இழுப்பறையில் போட்டாள்.

சுமைக்காரனின் தம்பி கண்ணாடியில் பூ வேலை செய்யும் பட்டறையில் இருந்தவன். கண்ணாடியையே அரிக்கும் அந்த அமிலம் மற்ற அமிலங்களைப் போல் தொட்டவுடன் சுடாது. தோலில் பட்டது தெரியாமலே உள்ளே இறங்கும். மாலையில் வலி தொடங்கும்போது எலும்பைத் தின்ன ஆரம்பித்திருக்கும். லேசருக்கு அது தெரியும். அன்று மதியமே அந்தக் கையுறையின் சுண்டு விரலை வெட்டி, உள்ளே அமிலத்தை ஊற்றி, வெளியே நிறம் மாறும் தாளைச் சுற்றித் தொங்கவிட்டாள். பன்னிரண்டாவது நிமிடம் தாள் சிவந்தது. கையுறையில் இன்னமும் ஓட்டை எதுவும் இல்லை.

ஓட்டை இல்லாமல் ஒழுகுமா என்றால், ஒழுகும். கையுறை பால் போன்ற ஒரு திரவத்தில்தான் பிறக்கிறது. அந்தப் பாலில் கோடி கோடியாகப் பொடி உருண்டைகள் மிதக்கும். பீங்கானில் செய்த வெள்ளைக் கைகள் சங்கிலியில் தொங்கி வரிசையாக வந்து அதில் முங்கி எழும். தண்ணீர் உலர்ந்ததும் உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படலமாக நிற்கும். பார்வைக்கு அது முழுப் படலம். ஆனால் அடுப்பில் நூற்றுப்பத்து டிகிரியில் வெந்தால்தான் ஓர் உருண்டையின் மூலக்கூறுகள் எல்லை தாண்டிப் பக்கத்து உருண்டைக்குள் போய்ப் பின்னிக்கொள்ளும். வேகாவிட்டால் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்து நிற்கும் அந்நியர்களைப் போல நிற்கும். தண்ணீரைத் தடுக்கும். அமிலம் இடுக்கில் வழி கண்டுபிடித்துவிடும்.

வெந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதற்குத்தான் லேசர். அவள் பாலை இரண்டு குடுவையாகப் பிரித்து, ஒன்றின் மூலக்கூறுகளில் வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் சாயத்தைக் கட்டினாள். இன்னொன்றில் அந்த ஒளிர்வைப் பறித்துக்கொள்ளும் சாயத்தைக் கட்டினாள். பறிப்பதற்கு அருகில் இருக்க வேண்டும், மிக அருகில். இரண்டு மூன்று நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாக வகுத்தால் வரும் துண்டு ஒரு நானோமீட்டர். இரண்டு பாலையும் கலந்து படலமாக்கி லேசரைக் காட்டினால், மூலக்கூறுகள் விலகி நிற்கும் வரை முதல் சாயம் தன் பாட்டுக்கு நிதானமாக ஒளிர்ந்து அணையும். கலந்து நெருங்கிவிட்டால் பக்கத்துச் சாயம் பறித்துவிடும்; ஒளிர்வு சட்டென்று அணைந்துபோகும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

சிறு கண்ணாடிச் சில்லுகளில் அந்தப் படலத்தைப் பூசி எடுத்துக்கொண்டு அவள் அடுப்புக் கூடத்துக்குப் போனாள். அடுப்பு அவள் மாமாவின் பொறுப்பு. அக்காவின் கணவர். எட்டாம் வகுப்புதான் படித்தவர். ஆனால் வாயைத் திறந்தால் அத்தனை டிகிரி, இத்தனை டிகிரி என்றே பேசுவதால் ஆலை முழுக்க அவருக்கு டிகிரி என்றே பெயர். படிக்காமல் டிகிரி வாங்கியவர் நம் ஆலையில் இவர்தான் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முன்னால் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர் சட்டென்று கை நீட்டுபவர். அவர் சொல்லித்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அவர் வீட்டு மாடி அறையில்தான் அவள் இருந்தாள். கடும் வெயிலிலும் அக்கா ஏன் முழுக்கைச் சட்டை போடுகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் அடுப்புக்குள்ள உன் கண்ணாடித் துண்டெல்லாம் வரக்கூடாது," என்றார் டிகிரி. "நூத்திப்பத்து காட்டுது. கண்ணு இருக்கில்ல, பாரு."

சுவரில் இருந்த வெப்பமானி நூற்றுப்பத்து என்றுதான் காட்டியது. அவர் டீ குடிக்கப் போகும் வரை காத்திருந்து, நான்கு சில்லுகளைக் கம்பியால் நான்கு பீங்கான் விரல்களில் கட்டிவிட்டாள். இருபது நிமிடத்தில் அவை அடுப்பைச் சுற்றி வெளியே வந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வுக்கூடத்துச் சின்ன அடுப்பில் அறுபதிலிருந்து நூற்றுப்பத்து வரை பத்துப் பத்து டிகிரி கூட்டி ஆறு சில்லுகளைச் சுட்டாள். நூற்றுப்பத்துச் சில்லின் ஒளிர்வு பாதி நேரத்தில் அணைந்தது. சங்கிலியில் போய் வந்த நான்கும் நின்று நிதானமாக ஒளிர்ந்தன, சூடே காணாதவை போல. அச்சு அசலாக எழுபது டிகிரிச் சில்லோடு பொருந்தின. இரண்டாம் முறையும் அளந்தாள். வேறு சில்லுகளைக் கட்டி மூன்றாம் முறையும்.

மேலாளரிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத உங்க மாமாகிட்ட பேசிக்கம்மா. குடும்ப விஷயம் மாதிரி முடிச்சிடுங்க," என்றார். அவருக்கு முன்பே தெரியும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் டிகிரி கதவைச் சாத்தினார். அக்கா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சங்கிலியில கண்ணாடி மாட்டினியா?"

"மாட்டினேன் மாமா."

"யாரக் கேட்டு?"

"உங்களத்தான் கேட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க."

அறை விழுந்ததில் தலை சுவரில் மோதியது. "அடுப்புல நெருப்பு வர்ற மூணு எரிவாய்ல ஒண்ணு வெடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. மாத்தணும்னா மூணு வாரம் சங்கிலி நிக்கணும். மேலாளர் ஒத்துக்கல. நூத்திப்பத்து காட்டணும், அவ்வளவுதான்னாரு. காட்டினேன். அதுல உனக்கு என்ன?"

"வெப்பமானிக்குச் சூட்டக் காட்டுற உணர்கம்பிய எரிவாய்க்குப் பக்கத்துல நகர்த்தி வெச்சீங்க. கம்பி இருக்கிற இடம் மட்டும்தான் நூத்திப்பத்து. ஒருத்தனுக்கு மூணு விரல் போச்சு மாமா."

இந்த முறை கை மூடியிருந்தது. வாயில் ரத்தம் நிறைந்தது. நாக்கில் ஒரு பல் தனியாக உருண்டது. அவர் அவள் வலது கையைப் பிடித்து மேஜை விளிம்பில் வைத்தார். "நாளைக்கு அந்தத் தாளையெல்லாம் கொண்டுவந்து என் கையில குடுக்கிற. சொல்லு." அவள் சொல்லவில்லை. அவர் அவள் சுண்டு விரலைப் பின்பக்கமாக வளைத்தார். சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது. அவள் கத்தினாள். அடுத்த விரலைப் பிடித்தார்.

அக்கா எப்போது எழுந்து வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. இரும்புக் கடாயை இரண்டு கையாலும் தூக்கி அவர் முதுகில் இறக்கினாள். திரும்பியவரின் முழங்காலில் இன்னொன்று. அவர் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். பதினொரு வருஷத்தில் அக்கா அவரை அடித்தது அதுதான் முதல் முறை. அடித்துவிட்டு அவளே பயந்துபோய்க் கடாயைக் கீழே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

"செருப்பு மாட்டு. கிளம்பலாம்," என்றாள் தங்கையிடம். கடாயைக் கையில் பிடித்தபடியேதான் தெருவில் நடந்தாள். பஸ்ஸில் நடத்துனர் கடாயையும் இவர்கள் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்துகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டதும் லேசர் மாடி வார்டுக்கு ஏறினாள். சுமைக்காரன் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். தலையில் தையல், ஒரு காது வீங்கிக் கறுத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னது சரி," என்றாள். "கையுறைதான் தப்பு. ரெண்டு மூலக்கூறுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்தேன். நெருங்கவே இல்ல. அடுப்பு எழுபது டிகிரியிலதான் ஓடுது."

அவனுக்கு மூலக்கூறும் தூரமும் வேண்டியிருக்கவில்லை. "அடுப்பு யாரு பொறுப்பு?"

அவள் உதடு எரிந்தது. பல் இருந்த குழியில் நாக்கு போய்ப் போய் வந்தது. மேலாளர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆலையின் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க மாமா. டிகிரின்னு கேட்டா யாரும் காட்டுவாங்க," என்றாள்.

பக்கத்தில் நின்ற அக்கா தடுக்கவில்லை. கட்டிலில் கிடந்தவன்தான் கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கி, "அண்ணே, வேண்டாம்ண்ணே," என்றான்.

மாடிப்படி இறங்கும்போதே அவளுக்குத் தான் செய்தது புரிந்துவிட்டது. நியாயத்துக்காகச் சொல்லவில்லை, உடைந்த விரலுக்காகச் சொன்னாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எழுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனு கொடுத்தால் இருபது நாளில் ஆள் வரும் என்றார். இருபது நாளில் எத்தனை கைகள் அந்தக் கையுறைக்குள் போகும் என்று அவளுக்குத் தெரியும். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, மாமாவை எச்சரிக்க ஆலைக்குப் போனாள். ஆய்வுக்கூடத்தில் அந்த அமிலம் பட்டால் தடவ வைத்திருக்கும் கால்சியம் களிம்புக் குழாய்கள் மூன்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுப்புக் கூடத்துக்கு நடந்தாள்.

சுமைக்காரன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். சரக்கு லாரிகள் வரும் பின்வாசல் வழியாக, ஒரு கையில் கடப்பாரை, மறுகையில் தம்பியின் பட்டறை அமிலம் நிறைந்த, மூடி போட்ட நீல வாளி. சங்கிலியை நிறுத்திவிட்டு நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். மேலே வெள்ளைப் பீங்கான் கைகள் அப்படி அப்படியே தொங்கின. டிகிரி தரையில் கிடந்தார். கடப்பாரை அவர் முழங்கால் எலும்பை ஏற்கெனவே முறித்திருந்தது. கால் வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. அவர் வலது கையில் புத்தம் புதிய ஆரஞ்சுக் கையுறை. அந்தக் கை மணிக்கட்டு வரை வாளிக்குள் இருந்தது. கடப்பாரையின் கூர்முனை அவர் கழுத்துக் குழியில் நின்றது.

"ஒண்ணும் ஆகல பாரு," என்றார் டிகிரி. சிரிக்க முயன்றார். "சுடக்கூட இல்ல. நல்ல சரக்குடா இது."

"அப்ப அப்படியே வை. என் தம்பி நாலு மணி நேரம் வெச்சிருந்தான்."

லேசர் வாசலில் நின்றாள். பையில் களிம்பு இருந்தது. நின்றாள். டிகிரியின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. வாளியில் அசைவே இல்லை. வாசலில் நிற்கும் அவளையே பார்த்திருந்தவரின் குரல் மாறியது.

"நீயே சொல்லும்மா இவன்கிட்ட. கையுறை நல்லாத்தானே இருக்கு?"

அவள் கிட்டே போனாள். நிறுத்தச் சொல்லத்தான் போனாள். வாயில் வந்தது வேறு.

"வலிக்குதா மாமா?"

"இல்ல."

"இப்ப வலிக்காது. சாயங்காலம்தான் வலிக்கும்."

டிகிரி வாளியைப் பார்த்தார். ஐந்து மாதமாக அந்த அடுப்பில் என்ன சூடு இருந்தது என்பது அந்தக் கூடத்தில் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவர் வாய் கோணியது. "எழுபதுதான்," என்றார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி அலறினார். "எழுபதுதான்டா. கம்பிய நான்தான் நகர்த்தினேன். மேலாளர் சொன்னாரு, செஞ்சேன். கைய எடுக்க விடு."

சுமைக்காரன் விடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான், அது போதவில்லை. அவர் தோளில் முழங்காலை ஊன்றி, கை முழங்கை வரை முங்கும்படி அழுத்தினான். அமிலம் கையுறையின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. லேசர் வாளியின் காதைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். வாளி கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. கூட்டம் சிதறியது. அப்போதுதான் காவலாளிகள் ஓடி வந்தார்கள். சுமைக்காரன் கடப்பாரையைச் சுழற்றியதில் ஒருவனின் தாடை கழன்று தொங்கியது. காதை மிதித்த அதே ஆள். மற்றவர்கள் அவனைத் தூணோடு சேர்த்து வைத்து அடித்தார்கள். அவன் அடியை வாங்கிக்கொண்டே டிகிரியைப் பார்த்தபடி இருந்தான்.

அவள் டிகிரியைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். முறிந்த கால் தரையில் தட்டும்போதெல்லாம் அவர் ஊளையிட்டார். கையுறையைக் கத்தரித்து எறிந்தாள். ஓடும் தண்ணீரில் கையைப் பிடித்திருந்துவிட்டு, மூன்று குழாய்க் களிம்பையும் பிதுக்கித் தேய்த்தாள். உடைந்த விரலின் கட்டு ஈரத்தில் அவிழ்ந்தது. தேய்ப்பதை நிறுத்தவில்லை. "விட்டுடாதம்மா, விட்டுடாதம்மா," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

டிகிரியின் கை பிழைத்தது. கட்டை விரல் மட்டும் மடங்காமல் போனது. அன்று பகல் மூன்று மணிக்குக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது லேசரின் இடது பாதத்தில் யாரோ ஆணி அடிப்பது போல வலி எடுத்தது. குனிந்து பார்த்தாள். காலுறை ஈரம் காய்ந்து விறைத்திருந்தது. வாளி கவிழ்ந்தபோது பட்டிருக்கிறது. வலிக்காததால் அவள் பார்க்கவில்லை. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

ஐம்பது பேர் முன்னால் நடந்ததை மூடி மறைக்க முடியவில்லை. இருபது நாள் என்ற ஆய்வாளர் இரண்டாம் நாளே வந்து அடுப்புக் கூடத்துக்கு முத்திரை வைத்தார். கடைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் கையுறைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. வழக்கில் மேலாளரின் வக்கீல் கெட்டிக்காரர். கழுத்தில் கடப்பாரை வைத்து வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றார். நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார். மிஞ்சியது அவள் அளவுத் தாள்கள்தான்.

"ரெண்டு மூலக்கூறுக்கு நடுவுல உள்ள தூரத்த நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று வக்கீல் கேட்டார். நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது.

"பார்க்கல. அளந்தேன்," என்றாள். அரை நாள் நின்று சொன்னாள்: ஒளிர்வது எது, பறிப்பது எது, எழுபதில் என்ன, நூற்றுப்பத்தில் என்ன. நீதிபதி வேறொரு ஆய்வுக்கூடத்தில் அளந்து வரச் சொன்னார். அங்கேயும் அதே எழுபது வந்தது. மேலாளருக்கு நான்கு வருஷம், டிகிரிக்கு இரண்டு. சுமைக்காரனுக்கு வேறு வழக்கில் மூன்று. அந்த வழக்கில், அடுப்பு யார் பொறுப்பு என்பதைச் சொன்னது யார் என்று கேட்டபோது, நான்தான் என்று கூண்டில் நின்று சொன்னாள்.

தீர்ப்பு வந்த அன்று டிகிரியை வராந்தா பெஞ்சில் போலீஸ்காரர்களோடு உட்கார வைத்திருந்தார்கள். ஊன்றுகோல் மடியில் கிடந்தது. அவர் அக்காவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. லேசரை மட்டும் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வாசல்ல நின்னியே. பையில மருந்து வெச்சிருந்தே. நான் பார்த்தேன், கொஞ்ச நேரம் சும்மா நின்னே."

"ஆமா மாமா."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

அவள் யோசித்தாள். எத்தனையோ முறை யோசித்ததுதான். "ஒரு நிமிஷம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

அவர் தலையாட்டினார். போலீஸ்காரர் நேரமாகிவிட்டது என்றதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டை விரல் மடங்காததால் பிடி நழுவியது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு அக்காவும் தங்கையும் படியிறங்கினார்கள். விரல் போன காலோடு படியிறங்குவதை அவள் இன்னும் சரியாகப் பழகவில்லை. அக்கா ஒரு படி முன்னால் இறங்கி, தோளைக் கொடுத்தாள்.